எந்திரம் வரையும் காலத்தில் நம் பிள்ளைகளின் கை
(கல்வி உதவி வழங்கும் நிகழ்ச்சியில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)





அல்ஹம்துலில்லாஹ். இந்த ஆண்டும் நம் டிரஸ்ட் இந்தப் பணியைச் செய்யும் வாய்ப்பை அல்லாஹ் தந்திருக்கிறான். வந்த விண்ணப்பங்களைப் பிரித்து அடுக்குவது ஒவ்வோர் ஆண்டும் என் வேலை. கம்ப்யூட்டர் சயின்ஸ் ஒரு பெரிய கட்டு. பி.காம். இன்னொரு கட்டு. அப்புறம் நர்சிங், பார்மசி, ஆலிமா படிப்பு, கொஞ்சம் பி.எட். ஓவியம், வடிவமைப்பு, ஆடைக்கலை, படத்தொகுப்பு என்று எழுதிய படிவம் ஒன்றைக்கூட நான் பிரித்ததில்லை. நம் பிள்ளைகளுக்கு அதில் ஆசை இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். கேட்டால் கிடைக்காது என்று அவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள். அல்லது வாப்பா முடிவு செய்துவிடுகிறார்.

வாப்பாமாரையும் குறை சொல்வதற்கில்லை. பிள்ளை கையில் ஒரு உறுதியான தொழில் வேண்டும் என்றுதான் நினைக்கிறார்கள். ஆனால் எது உறுதியான தொழில் என்பதில்தான் இப்போது குழப்பம் வந்திருக்கிறது. நான் கல்லூரி முடித்த காலத்தில் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்து, ஷார்ட்ஹேண்டும் கைவசம் இருந்தால் வீட்டில் நிம்மதியாகத் தூங்குவார்கள். எந்த ஆபீசிலும் ஒரு நாற்காலி உண்டு. தெருவுக்கு ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது. அந்த நாற்காலிகள் எங்கே போயின என்று இங்கே இருக்கும் ஐம்பது வயதுக்காரர்களுக்குத் தெரியும். வங்கியில் பணம் எண்ணிக் கொடுத்தவர், ரயில்வே கவுண்டரில் டிக்கெட் எழுதியவர், கடையில் பேரேடு எழுதிய கணக்கப்பிள்ளை, எல்லார் வேலையிலும் பாதியை எந்திரம் எடுத்துக்கொண்டது. இப்போது கணினிக்கு நிரல் எழுதும் வேலையிலேயே ஒரு பகுதியைக் கணினி செய்கிறது. ஆகவே "கம்ப்யூட்டர் படித்தால் போதும், பயமில்லை" என்று நான் எந்தப் பிள்ளைக்கும் சொல்வதில்லை. நன்றாகப் படித்தால் பயமில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தானே இயங்கும் எந்திரம் நமக்குப் புதிதல்ல. அல்ஜஸரி என்ற பொறியாளர் 1206-இல் தியார்பக்கிர் பகுதியை ஆண்ட அர்துகித் மன்னர்களின் ஆதரவில் ஒரு நூல் எழுதி முடித்தார். தண்ணீரின் ஓட்டத்தால் நேரம் காட்டும் யானைக் கடிகாரம், கைகழுவ நீர் ஊற்றும் பொம்மை எல்லாம் அதில் படத்தோடு இருக்கின்றன. அவர் தன் எந்திரங்களை அழகாகவும் செய்தார் என்பதைக் கவனியுங்கள். பொறியியல் ஒரு பக்கம், கலை ஒரு பக்கம் என்று பிரித்தது பின்னால் வந்த பழக்கம்.

இன்று உங்களிடம் விரிவாகச் சொல்ல நினைப்பது எழுதுகோல் பிடித்த ஒரு கூட்டத்தைப் பற்றி. காதிப் என்று பெயர். குத்பா ஓதும் கதீப் வேறு, இவர் வேறு, இவர் எழுதுபவர். உருது நஸ்தலீக் என்ற எழுத்துமுறையில் எழுதப்படுகிறது. அந்த எழுத்து நேர்க்கோட்டில் நிற்காது. மேலிருந்து சாய்ந்து இறங்கும். ஓர் எழுத்து அடுத்து வரும் எழுத்தைப் பொறுத்து வடிவம் மாறும். அதனால் ஈய அச்செழுத்தில் அதை அழகாகக் கோக்க முடியவில்லை. ஆங்கிலமும் தமிழும் அச்சுக்கோப்புக்கு மாறி நூறாண்டுக்கு மேலான பிறகும், உருது நூல்களும் பத்திரிகைகளும் காதிப் கையால் எழுதி, கல்லச்சில் அல்லது பிளேட்டில் ஏற்றித்தான் வந்தன. நம் பாட்டிமார் ஓதிய அரபுத்தமிழ் கிதாபுகளில் பலவும் கல்லச்சில் வந்தவைதான். வீட்டுப் பெட்டியில் ஒன்று கிடந்தால் எடுத்துப் பாருங்கள், ஒரு மனிதரின் கை அதில் தெரியும்.

ஒரு நாளிதழ் என்றால் பக்கத்துக்குப் பக்கம் காதிப்கள் உட்கார்ந்து எழுத வேண்டும். பல்லாயிரம் குடும்பங்கள் அந்தத் தொழிலில் வாழ்ந்தன. 1981-இல் கதை மாறியது. பாகிஸ்தானைச் சேர்ந்த அஹ்மத் மிர்சா ஜமீல் என்பவர், மோனோடைப் நிறுவனத்தோடு சேர்ந்து நூரி நஸ்தலீக் என்ற கணினி எழுத்துருவை உருவாக்கினார். லாகூரின் ஜங் நாளிதழ் அதில் அச்சாகத் தொடங்கியது. 1994 வாக்கில் டெல்லியிலிருந்து இன்பேஜ் மென்பொருள் வந்ததும், சாதாரண அச்சகத்திலும் ஒரு பையன் உட்கார்ந்து உருது தட்டச்சு செய்யலாம் என்றாயிற்று. காதிப்களின் நாற்காலி காலியானது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த எழுத்துரு எப்படிப் பிறந்தது? ஜமீல் அவர்களே ஒரு தேர்ந்த எழுத்துக்கலைஞர். எழுத்துகள் ஒன்றோடொன்று சேரும் ஏறத்தாழ இருபதாயிரம் சேர்க்கைகளை ஒவ்வொன்றாக வரைந்து எந்திரத்துக்குக் கொடுத்தார்கள். எந்திரத்துக்குச் சொந்தமாக எதுவும் தெரியாது. ஒரு கைக்குத் தெரிந்ததை அது வாங்கிக்கொண்டது, பிறகு களைப்பில்லாமல் திருப்பித் திருப்பிச் செய்தது. பிழைப்பு இழந்தவர்கள் யார் என்று பார்த்தால், செய்தியை வாங்கிப் பார்த்து எழுதிக் கொடுத்தவர்கள். எழுத்தின் வடிவத்தை யோசித்தவருக்கு அன்று வேலை கூடியது.

கை முழுவதும் தோற்றுவிடவில்லை என்பதற்கும் சாட்சி இருக்கிறது. ஹஜ், உம்ராவுக்குப் போய் வந்தவர்கள் வீட்டில் மதீனாவில் அச்சான முஸ்ஹஃப் இருக்கும். மன்னர் ஃபஹ்த் வளாகம் உலகமெங்கும் அனுப்பும் அந்த முஸ்ஹஃபை எழுதியவர் உஸ்மான் தாஹா. சிரியாவின் அலெப்போ பகுதிக்காரர், 1934-இல் பிறந்தவர், 1988 முதல் மதீனாவில் அந்தப் பணியில் இருந்தார். 604 பக்கம், பக்கத்துக்கு 15 வரி. ஒவ்வொரு பக்கமும் ஓர் ஆயத்தின் முடிவோடு முடியும். ஹிஃப்ழ் செய்யும் பிள்ளைக்குப் பக்கம் திருப்பும்போது ஆயத் துண்டாகாது. அச்சடிப்பது நவீன எந்திரம். ஆனால் அந்த எந்திரத்துக்குள் போவது ஒரு மனிதர் நாணல் எழுதுகோலைச் சீவி எழுதிய எழுத்து.

நம் சென்னையிலும் ஒரு சாட்சி உண்டு. திருவல்லிக்கேணியிலிருந்து 1927 முதல் வந்த 'தி முசல்மான்' உருது நாளிதழ். நான்கு பக்கம். மற்ற உருது பத்திரிகைகள் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போன பிறகும் பல ஆண்டுகள் கையால் எழுதியே வந்தது. கடைசி நேரச் செய்தி வந்தால் எழுத என்று முதல் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு வைப்பார்கள். அங்கே எழுதியவர்களில் பெண்களும் இருந்தார்கள். அந்தச் சிறிய அறையைப் படம் பிடிக்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்தார்கள். ஆனால் படம் பிடிக்க வருகிறவர்களால் காதிப்பின் சம்பளம் கூடிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். பாராட்டு வேறு, பிழைப்பு வேறு.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். நம் தெருவில் சுவரிலும் துணியிலும் எழுதும் ஓவியர்கள் இருந்தார்கள். ஃப்ளெக்ஸ் வந்தது, அவர்கள் போனார்கள். ஃப்ளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வடிவமைக்கும் பையன்கள் வந்தார்கள். 2022-க்குப் பிறகு, என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவு செயலிகள் கைப்பேசிக்கே வந்துவிட்டன. இப்போது அந்தப் பையன்களுக்குக் கலக்கம். நிக்காஹ் அழைப்பிதழை மணமகனின் தம்பியே கைப்பேசியில் செய்து அனுப்பிவிடுகிறான். சில சமயம் அதில் அரபி எழுத்து அரபியாகவே இருப்பதில்லை. அது வேறு விஷயம்.

ஆகவே "கலைத்தொழிலுக்கு எந்திரத்தால் ஆபத்தில்லை" என்று மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குவது நேர்மையாகாது. ஆபத்து உண்டு. அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சி எழுத்தாளர்கள் 2023-இல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோரிக்கைகளில் ஒன்று இந்த எந்திரத்தைப் பற்றியதுதான். எந்திரம் எழுதியதை எழுத்தாளரின் படைப்புக்குச் சமமாகக் கணக்கிடக் கூடாது, எழுத்தாளரை அதைப் பயன்படுத்தும்படி நிறுவனம் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். சங்கம் இருந்ததால் முடிந்தது. நம் ஊர் ஃப்ளெக்ஸ் கடைப் பையனுக்குச் சங்கமும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை.

அப்படியானால் இதில் ஏன் பிள்ளையை விட வேண்டும் என்று கேட்பீர்கள். நிர்வாகக் குழுவிலும் ஒரு பெரியவர் இதைத்தான் கேட்டார்: "தம்பி, இது சோறு போடுமா?" நியாயமான கேள்வி. பதிலைப் பக்கத்து ஊரைக் காட்டிச் சொல்கிறேன்.

பத்தமடைப் பாய் உங்களுக்குத் தெரியும். தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையைப் பச்சையாக அறுத்து, கிழித்து, காயவைத்து, ஊறவைத்து, மறுபடி மெல்லிய இழையாகக் கிழிக்கிறார்கள். பட்டுப் பாய் என்று சொல்லும் உயர்ந்த ரகத்தை மடித்துக் கைக்குள் வைக்கலாம் போல இருக்கும். ஒரு பாய்க்கு வாரக்கணக்கில் ஆகும். தலைமுறை தலைமுறையாக நெய்து வருபவர்கள் பெரும்பாலும் நம் லெப்பைக் குடும்பங்கள், அதிலும் பெண்கள். கல்யாணப் பாயில் மணமகன், மணமகள் பெயரை நெய்து கொடுப்பது வழக்கம். 1953-இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் போனது என்று அந்த ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

இவ்வளவும் இருந்தும், நெய்கிற ராத்தா தன் மகளைத் தறியில் உட்கார விட மாட்டேன் என்கிறார். தரையோடு தரையாக உட்கார்ந்து முதுகும் முழங்காலும் போனவர் அவர். அவர் சொல்வது சரி. பாரம்பரியம் என்று பெயர் சொல்லி யாருடைய பிள்ளையையும் வலிக்கிற வேலையில் குறைந்த கூலிக்கு உட்கார வைக்க நமக்கு உரிமை இல்லை. சாதாரணப் பாயைப் பிளாஸ்டிக் எடுத்துக்கொண்டது, கோரைப் பாயிலும் எந்திரத் தறி வந்துவிட்டது. அந்தப் போட்டியில் கைத்தறி ஜெயிக்காது, ஜெயிக்கவும் வேண்டாம்.

எந்திரம் எடுக்காமல் மிச்சம் விட்ட இடம் எது என்று பாருங்கள். ஒரே ஒரு வீட்டுக்காக, ஒரே ஒரு நிக்காஹுக்காக, பெயர் நெய்த பாய். என்ன நிறம், எந்தக் கரை, எந்த அளவு, பாயாகவா பையாகவா மேசை விரிப்பாகவா என்று யோசிப்பது. யார் வாங்குவார், எப்படிக் கட்டி அனுப்புவது, என்ன விலை சொல்வது. இந்த யோசனையெல்லாம் இப்போது எங்கே நடக்கிறது? பெரும்பாலும் பெரு நகரத்துக் கடைகளில், வடிவமைப்புப் படித்தவர் கையில். பாய் நம் வீட்டில் நெய்யப்படுகிறது; அதைப் பற்றிய முடிவு வேறிடத்தில் எடுக்கப்படுகிறது. காசும் முடிவு எடுக்கிறவரிடம்தான் தங்குகிறது. ராத்தாவின் மகள் தறிக்குப் போக வேண்டாம். அந்த முடிவு எடுக்கிற நாற்காலிக்குப் போகட்டும். தறியைப் பார்த்து வளர்ந்தவள், எந்தக் கோரை எந்தச் சாயத்தை ஏற்கும் என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும். படத்தைச் செயலியிடம் கேட்டு வாங்கினாலும், எது நெய்ய வரும், எது வராது என்று சொல்ல அவள்தான் வேண்டும்.

கலைத்தொழில் என்று நான் சொல்வது இதைத்தான். ஓவியம் மட்டுமல்ல. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலில் செருப்பின் வடிவத்தை யோசிப்பது, அத்தர் குப்பியின் வடிவம், பிள்ளைகளுக்கான புத்தகம், பள்ளிவாசலின் உள்வேலைப்பாடு, தமிழ் எழுத்துரு, பாடப்புத்தகத்துக்குப் படம், துணியின் கரை. ஐக்கிய நாடுகள் சபை 2021-ஐப் படைப்புப் பொருளாதாரத்துக்கான ஆண்டு என்று அறிவித்ததே, அதில் இவை எல்லாம் அடக்கம்.

மார்க்கத்தில் இடமுண்டா என்று சில தாய்மார்கள் கேட்டிருக்கிறார்கள். உயிருள்ளவற்றின் உருவம், இசை இவை பற்றி ஆலிம்களிடையே பேச்சு உண்டு. நான் ஃபத்வா சொல்லும் தகுதி உடையவன் அல்ல, ஹஸ்ரத் இங்கே இருக்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள். ஆனால் அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் எவ்வளவு பெரிய வெளி இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். எழுத்துக்கலை, பூவேலை, கோலவடிவக் கணக்கு, கட்டடம், நெசவு, இவற்றை உலகத்துக்குக் கொடுத்தவர்களில் நம் முன்னோர் உண்டு. தாவூத் நபி (அலை) கவசம் செய்தார்கள், ஜகரிய்யா நபி (அலை) தச்சுவேலை செய்தார்கள் என்று மத்ரஸாவில் முதலில் நாம் படித்ததுதானே.

"சோறு போடுமா" என்ற கேள்விக்கு முழுப் பதிலையும் சொல்லிவிடுகிறேன். சிலருக்குப் போடும், சிலருக்குப் போடாது. பொறியியலும் இன்று அப்படித்தான். வித்தியாசம் என்னவென்றால், கை வராத பிள்ளையை இதில் தள்ளினால் சீக்கிரமே தெரிந்துவிடும். ஆகவே ஆர்வம் மட்டும் போதாது. வேலையைப் பார்த்துத்தான் உதவுவோம்.

எங்கே படிப்பது? சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி 1850-இல் தொடங்கியது. கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரி உண்டு. இரண்டும் அரசுக் கல்லூரிகள் என்பதால் செலவு நம் குடும்பங்களுக்குத் தாங்கும். தரமணியில் நிஃப்ட் எனும் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம். நுழைவுத் தேர்வு உண்டு, கட்டணம் குறைவல்ல, உதவி தேவைப்படுவது அங்கேதான். என்.ஐ.டி. என்றதும் திருச்சி நினைவுக்கு வரும். நான் சொல்வது 1961-இல் அகமதாபாதில் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனம். ஐ.ஐ.டி.களிலும் வடிவமைப்புப் பட்டப்படிப்பு உண்டு, யூசீட் என்ற தேர்வு எழுத வேண்டும். சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. இவற்றுக்கு விண்ணப்பிக்கும் காலம் பிளஸ் டூ பரீட்சைக்கு முன்பே வந்துவிடும் தேர்வுகளும் உண்டு. ரிசல்ட் வந்த பிறகு யோசித்தால் அந்த ஆண்டு போயிற்று. பதினொன்றாம் வகுப்பிலேயே பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள்.

நிர்வாகக் குழு எடுத்த முடிவை இப்போது அறிவிக்கிறேன். அடுத்த கல்வியாண்டு முதல் வடிவமைப்பு, கவின்கலை, ஆடைக்கலை, கைத்தறித் தொழில்நுட்பம், எழுத்துக்கலைப் படிப்புகளுக்கும் மற்றப் படிப்புகளைப் போலவே நம் டிரஸ்டில் விண்ணப்பிக்கலாம். ஆண், பெண் இருவருக்கும். ஜகாத் நிதியை அதற்குரியவர்களுக்குத்தான் கொடுப்போம். வரம்புக்குள் வராத குடும்பங்களுக்குப் பொது நன்கொடையிலிருந்து, திருப்பிச் செலுத்தும் வட்டியில்லாக் கடனாக. குழுவில் எல்லாரும் ஒரே குரலில் சம்மதித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். இரண்டு கூட்டம் பேசித்தான் முடிந்தது. மூன்று ஆண்டு பார்த்துவிட்டு மறுபடி கூடிப் பேசுவது என்றும் தீர்மானத்தில் எழுதியிருக்கிறோம்.

தொழில் செய்யும் பெரியவர்களிடம் ஒரு கோரிக்கை. உங்கள் கடைப் பெயர்ப்பலகை, பொட்டலம், மிட்டாய்ப் பெட்டி, கல்யாண அழைப்பிதழ் எதையாவது இந்தப் பிள்ளைகளில் ஒருவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். சும்மா அல்ல, கூலி கொடுத்து. எழுத்தில் பேசிக்கொண்டு, முன்பணம் கொடுத்து. "நம்ம பிள்ளைதானே" என்று இலவசமாக வாங்கிக்கொள்ளாதீர்கள்.

விண்ணப்பப் படிவம் அலுவலகத்தில் தினமும் அஸருக்குப் பிறகு கிடைக்கும், வெள்ளி தவிர. மதிப்பெண் பட்டியலோடு பிள்ளைகள் தாங்கள் செய்ததில் மூன்றை எடுத்து வரட்டும். வரைந்தது, தைத்தது, எழுதியது, மரத்தில் செதுக்கியது எதுவானாலும் சரி. கைப்பேசிச் செயலியில் செய்ததாக இருந்தாலும் கொண்டு வரலாம். அதில் தான் செய்தது எது, எந்திரம் செய்தது எது என்று பக்கத்தில் எழுதி வர வேண்டும். நிக்காஹ் அழைப்பிதழ் என்றால், அரபி எழுத்தை உஸ்தாத் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகு கொண்டு வரவும்.